எங்கே போய் உட்காரும்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு குவியல் இருக்கிறது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. மூடியவர்கள் விட்டுச்சென்றது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் இறங்கும். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலை வெளியிட்டபோது செர்னோபிலோடு சேர்ந்து எங்கள் ஊர்ப் பெயரும் வந்தது. நான் அப்போது மாணவன். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் "வேலூர் பக்கம்" என்று சொல்லிப் பழகியது அந்த நாட்களில்தான். ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். அதற்குப் பிறகு "வேலூர் பக்கம்" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லாமல் போய்விட்டது.

அந்தக் குவியலைப் பற்றி ஊரில் அவ்வப்போது ஒரு பேச்சு கிளம்பும். "ஏதோ கிருமி கீதாம், அத்த வுட்டா குரோமியத்த துன்னுடுமாம்." முழுப் பொய் இல்லை. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிக் கழிவுகளிலிருந்து குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்த ஆய்வுக் கட்டுரைகள் நிறையவே உண்டு. ஆனால் குரோமியம் ஒரு தனிமம். எந்தக் கிருமி தின்றாலும் அது குரோமியமாகத்தான் இருக்கும். பாக்டீரியாவால் முடிந்தது, நீரில் கரைந்து ஓடும் நச்சான குரோமியம்-6ஐ, அவ்வளவாகக் கரையாத, நச்சு குறைந்த குரோமியம்-3ஆக மாற்றுவது. தோல் பதனிடப் பயன்படுவது இந்த மூன்றாம் வகைதான். அந்த ஆலை குரோமேட்டோடு சேர்த்துத் தோல் பதனிடும் குரோம் பொடியையும் தயாரித்தது. அதாவது ஊரை வாழவைத்ததும் ஊரைக் கெடுத்ததும் ஒரே உலோகத்தின் இரண்டு முகங்கள். என் பொறியியல் படிப்புக்கான ஃபீஸ் அந்த நல்ல முகத்திலிருந்து வந்தது. அப்பா ஒரு டேனரியில் அசார்ட்டர்.

நான் சாஃப்ட்வேர் ஆள். உயிரியலைப் பன்னிரண்டாம் வகுப்புக்கே கொண்டுபோகவில்லை. ஆனால் இந்தக் கிருமிக் கதையைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. குரோமியம் வந்துவிட்டது என்று அந்தப் பாக்டீரியாவுக்கு எப்படித் தெரியும்?

*

முதலில் நச்சு எப்படி உள்ளே வருகிறது என்று பார்ப்போம். பாக்டீரியாவுக்குக் கந்தகம் வேண்டும். அதைச் சல்பேட்டாக உறிஞ்சிக்கொள்ள அதன் சவ்வில் வாசல்கள் உண்டு. குரோமேட் அச்சு அசலாகச் சல்பேட்டின் வடிவம். ஆகவே வாட்ச்மேன் சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிடுகிறான்.

உள்ளே வந்ததை வெளியே தள்ளச் சில பாக்டீரியாக்களிடம் ‘சிஎச்ஆர்-ஏ’ என்ற பம்ப் இருக்கிறது. பம்ப் என்றால் கரண்ட் செலவு. எந்நேரமும் ஓடவிட்டால் குரோமேட் இல்லாத நாளில் அந்தப் பாக்டீரியா பக்கத்து வீட்டுக்காரனிடம் தோற்றுப்போகும். எனவே சுவிட்ச் வேண்டும். போர்ச்சுகலில் டேனரிக் கழிவு வந்து சேரும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எடுத்த ‘ஓக்ரோபாக்ட்ரம் ட்ரிடிசி’ என்ற பாக்டீரியாவில் இந்தச் சுவிட்சை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே சுவிட்சாக இருப்பது ‘சிஎச்ஆர்-பி’ என்ற புரதம். பம்புக்கான மரபணு அடங்கிய கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், டிஎன்ஏவின் மேல் அது உட்கார்ந்திருக்கும். அது உட்கார்ந்திருக்கும்வரை மரபணுவை யாரும் படிக்க முடியாது. குரோமேட் வந்தால் எழுந்துவிடும். பம்ப் ஓட ஆரம்பிக்கும்.

இங்கேதான் எனக்குள் இருந்த புரோகிராமர் விழித்துக்கொண்டான். ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏ பல லட்சம் எழுத்து நீளம். ஏ, சி, ஜி, டி என்று நாலே எழுத்துகள், இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. இந்தப் புரதம் உட்கார வேண்டியது அதில் சில எழுத்துகளே அகலமுள்ள ஓர் இடத்தில். அதற்கு அந்த இடம் தெரிகிறது. நமக்குத் தெரியுமா? வெறும் எழுத்துகளை வைத்துக்கொண்டு, ஆய்வகத்துக்கே போகாமல், இது எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியுமா?

ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. ஈ. கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் சர்க்கரைக்கான சுவிட்ச் இருக்கிறது என்று ஜாகோபும் மோனோவும் 1961இல் சொன்னார்கள். அந்தப் புரதம் உட்காரும் இடத்தின் எழுத்துகளை வால்டர் கில்பர்ட்டும் ஆலன் மேக்ஸமும் வெளியிட்டது 1973இல். 24 எழுத்துகள், இரண்டு வருட உழைப்பு. மாசத்துக்கு ஓர் எழுத்து.

*

புரதம் டிஎன்ஏவைப் பிரித்து உள்ளே பார்ப்பதில்லை. முறுக்கிய கயிற்றின் பள்ளங்களில் விரல் வைத்துத் தடவிப் பார்க்கிறது. பல புரதங்கள் இரட்டையாகச் சேர்ந்து வேலை செய்பவை. ஒன்று இந்தப் பக்கம் தடவும், மற்றொன்று எதிர்ப்பக்கம். அதனால் அவை உட்காரும் இடங்களில் ஓர் ஒழுங்கு இருக்கும். ஈ. கோலையில் குளுக்கோஸ் தீர்ந்துபோகும்போது களத்தில் இறங்கும் ‘சிஆர்பி’ என்ற புரதத்துக்குப் பிடித்த இடம் இது: டிஜிடிஜிஏ, நடுவில் ஏதாவது ஆறு எழுத்து, பிறகு டிசிஏசிஏ. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்று எதிர் இழையை எழுதி, அதைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். மறுபடி டிஜிடிஜிஏ என்றே தொடங்கும். ‘விகடகவி’யின் தூரத்துச் சொந்தம்.

சிக்கல் என்னவென்றால், உண்மையான இடங்களில் பாதிக்கு மேல் இந்த எழுத்துகளை அப்படியே கொண்டிருப்பதில்லை. ஒன்றில் மூன்றாம் எழுத்து வேறு. இன்னொன்றில் கடைசி இரண்டு வேறு. இருந்தும் புரதம் உட்காருகிறது. ஆக விதி என்று ஒன்றை எழுதிவைத்துத் தேட முடியாது. சாயலைத் தேட வேண்டும்.

சாயலைத் தேடுவது எங்கள் வீட்டுத் தொழில். வெட் ப்ளூ தோல்கள் ட்ரம்மிலிருந்து நீலம் பாரித்து வரும். அப்பா மேஜை மேல் ஒன்றொன்றாக விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, முதல் ரகம், இரண்டு, மூன்று, ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவார். உண்ணிக் கடி, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம் அந்தத் தடவலில் வந்துவிடும். "எப்படிப்பா தெரியுது?" என்று கேட்டிருக்கிறேன். "அது இன்னாடா கேள்வி. ஆயிரம் தோலு பாத்தா தானா தெரியும்" என்பார். அவருக்குக் கற்றுக்கொடுத்த பெரியவரும் விதி எதையும் சொன்னதில்லை. இது முதல், இது மூணு, இது முதல் என்று மாசக்கணக்காகக் காட்டிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

கணினிக்கும் அதே வழிதான். ஏற்கெனவே ஆய்வகத்தில் உறுதியான இடங்களை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். இருபது இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் பத்தியைப் பார்த்தால் 18இல் டி, ஒன்றில் ஏ, ஒன்றில் சி. டி வரும் விகிதம் 0.9. தற்செயலாக வந்தால் 0.25தான் இருந்திருக்கும். 0.9ஐ 0.25ஆல் வகுத்தால் 3.6. இரண்டை அடிமானமாக வைத்து அதன் மடக்கை எடுத்தால் சுமார் 1.85. அந்த இடத்தில் டி வந்தால் இந்த மதிப்பெண். ஏ வந்தால் 0.05 வகுத்தல் 0.25, மடக்கை கழித்தல் 2.3. அதாவது அபராதம். ஒவ்வொரு பத்திக்கும் நாலு எழுத்துக்கும் இப்படி ஓர் அட்டவணை. பிறகு அந்த அட்டவணையை ஜீனோமின் முதல் எழுத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். இதை எடை அணி என்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் இதில் ஒரு அழகு இருக்கிறது: எந்தப் பத்தியில் புரதம் பிடிவாதமாக இருக்கிறது, எதில் விட்டுக்கொடுக்கிறது என்பதை அட்டவணையே சொல்லிவிடுகிறது.

கேரி ஸ்டார்மோவும் அவருடைய சகாக்களும் 1982இல் இதே மாதிரி ஒரு வேலைக்குப் பெர்செப்ட்ரானைப் பயன்படுத்தினார்கள். ஈ. கோலையில் ரைபோசோம் எங்கே பிடித்துப் புரதம் செய்யத் தொடங்கும் என்று கண்டுபிடிக்க. இன்றைய செயற்கை நுண்ணறிவின் கொள்ளுத்தாத்தாவான பெர்செப்ட்ரான், பூனைப் படங்களைப் பிரித்துக் காட்டிப் புகழ் பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பாக்டீரியாவைப் படித்திருக்கிறது.

*

ஒரு சனிக்கிழமை ராத்திரி நானும் எழுதிப் பார்த்தேன். பைத்தானில் அறுபது வரி. ஈ. கோலையின் 46 லட்சம் எழுத்துகள் இணையத்தில் இலவசம். சிஆர்பி உட்காரும் இடங்கள் மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்தார் வைத்திருக்கும் ‘ரெகுலான்-டிபி’ தரவுத்தளத்தில் கிடைக்கும். ஓட்டினால் திரை நிறையக் கொட்டுகிறது.

எவ்வளவு கொட்ட வேண்டும் என்பதைக் கையாலேயே கணக்குப் போடலாம். டிஜிடிஜிஏ, டிசிஏசிஏ இரண்டும் சேர்ந்து பத்து எழுத்து. பத்து எழுத்தில் அமையக்கூடிய சொற்கள் நாலின் பத்தாம் அடுக்கு, சுமார் பத்தரை லட்சம். 46 லட்சம் எழுத்தில் ஒரு குறிப்பிட்ட சொல் தற்செயலாகவே நாலைந்து முறை வந்துவிடும். பரவாயில்லை. ஆனால் சாயலைத் தேடுவதால் இரண்டு எழுத்துவரை பிசகலாம் என்று அனுமதித்தால், ஏற்றுக்கொள்ளும் சொற்கள் 1, கூட்டல் 30, கூட்டல் 405. ஆக 436. இப்போது தற்செயலாகவே 1900 இடங்களுக்கு மேல் மாட்டும். எந்தப் புரதமும் எட்டிப்பார்க்காத இடங்கள் இவை. எழுத்துகள் விதிவசத்தால் அப்படி அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க ஒரு வழி, ஜீனோமின் எழுத்துகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப்போட்டு அதே நிரலை ஓட்டுவது. ஓட்டினேன். அர்த்தமே இல்லாத அந்தக் குவியலிலும் நல்ல மதிப்பெண்ணோடு இடங்கள் வந்து நின்றன. நிஜ ஜீனோமில் உச்ச மதிப்பெண்காரர்கள் கொஞ்சம் கூடுதல், குறிப்பாக மரபணுக்கள் தொடங்குவதற்கு முன்னாலுள்ள பகுதிகளில். அந்தக் ‘கொஞ்சம் கூடுதல்’தான் உயிரியல். மீதியெல்லாம் இரைச்சல்.

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் பின்னால் நின்று பார்த்தார். "இன்னாடா இது, இவ்ளோ கீது?"

"எல்லாம் புரதம் உக்காரக்கூடிய இடம்ப்பா. மார்க் போட்ருக்கேன்."

"அல்லாம் நெஜமா?"

"இல்லப்பா. பாதிக்கு மேல சும்மா இருக்கும்."

"எது நெஜம்னு எப்டித் தெரியும்?"

"லேப்ல பாத்தாத்தான்."

அவர் ஆச்சரியப்படவில்லை. வெட் ப்ளூவில் முதல் ரகம் என்று போட்ட தோல் சாயம் ஏறிக் காய்ந்தபிறகு பல்லிளிப்பதும், மூன்றில் தள்ளியது அருமையாக எழுந்து வருவதும் அவருக்குப் பழக்கம். "சாயம் ஏத்திப் பாத்தாத்தான்னு சொல்லு" என்றுவிட்டுப் படுக்கப் போனார்.

*

சாயம் ஏற்றிப் பார்த்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஹைதராபாத்தில் டிஎன்ஏ கைரேகை மற்றும் நோயறிதல் மையம் இருக்கிறது. சுருக்கமாகச் சிடிஎஃப்டி. அங்கே சைலு எல்லபொய்னா, ஜெயஸ்ரீ சேஷாத்ரி, எம். செந்தில் குமார், ஆகாஷ் ரஞ்சன் ஆகியோர் சேர்ந்து 2004இல் ‘பிரெடிக்ட்ரெகுலான்’ என்ற இணையச் சேவையை வெளியிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த இடங்களைக் கொடுத்து, ஒரு பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் புரதம் வேறெங்கெல்லாம் உட்காரக்கூடும், அதனால் எந்தெந்த மரபணுக் கூட்டம் அதன் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்று பட்டியல் தரும். இன்று எந்தக் கல்லூரி மாணவரும் லேப்டாப்பில் செய்துவிடலாம். அன்று ஒரு பாக்டீரியாவின் முழு ஜீனோமே புதுச் செய்தி.

அதே வருடம் தொண்டை அடைப்பான் கிருமியில் இரும்பைக் கண்காணிக்கும் டிடிஎக்ஸ்ஆர் என்ற புரதத்துக்கு இந்த வழியில் இடங்களைக் கணித்தார்கள். அடுத்து அதன் பங்காளி ஐடிஇஆர், காசநோய்க் கிருமியில் இருப்பது. காசநோய்க் கிருமிக்கு இரும்பு இல்லாமல் ஆகாது. அதிகமானாலும் ஆபத்து. நம் உடலோ இரும்பை அதன் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிறது. இந்த இழுபறியில் கிருமியின் கணக்குப்பிள்ளை ஐடிஇஆர். இரும்பு போதிய அளவு இருந்தால் அது டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, இரும்பு திருடும் கருவிகளைச் செய்யும் மரபணுக்களை மூடிவைக்கும்.

அது உட்காருவது டிடிஏஜிஜி என்று தொடங்கும் 19 எழுத்து இடத்தில். காசநோய்க் கிருமியின் ஜீனோம் 44 லட்சம் எழுத்து, 1998இல் படித்து முடித்தார்கள். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஜியும் சியும். ஆகவே நான் மேலே போட்ட 0.25 கணக்கு இங்கே செல்லாது. டி வரும் வாய்ப்பு 0.17 அளவுதான் என்பதால், 0.9 விகிதத்தில் வரும் டிக்கு மதிப்பெண் 1.85இலிருந்து சுமார் 2.4ஆக ஏறும். அதே விகிதத்தில் வரும் ஜிக்கு 1.45ஆக இறங்கும். ஊரில் அரிதானதற்குத்தான் விலை. பின்னணி தெரியாமல் போடும் மதிப்பெண் எதற்கும் உதவாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அடுத்த படி. சையத் ஹஸ்னைன், ஆகாஷ் ரஞ்சன் உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட கட்டுரையில் கணிப்போடு நிற்கவில்லை. பட்டியலில் புதிதாக வந்த இடங்களை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தார்கள். சோதனை எளிது. டிஎன்ஏத் துண்டை மட்டும் ஜெல்லில் விட்டு மின்சாரம் கொடுத்தால் சரசரவென்று ஓடும். புரதம் அதன்மேல் உட்கார்ந்திருந்தால் கனம் ஏறி மெதுவாகப் போகும். நம் பைபாஸில் காலி லாரிக்கும் லோடு லாரிக்கும் உள்ள வித்தியாசம். கணினி ‘உட்காரும்’ என்று சொன்னது உட்கார்ந்ததா என்பது அந்தப் பட்டையின் இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எடை அணிக்குத் தெரியாதவை நிறைய. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி என்று அது நம்புகிறது. பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் சேர்ந்து டிஎன்ஏவை வளைப்பது அதற்குத் தெரியாது. நல்ல இடத்தை வேறொரு புரதம் ஏற்கெனவே பிடித்துவைத்திருப்பதும், சுமாரான இடத்தில் பக்கத்திலுள்ள புரதம் கைகொடுத்து உட்காரவைப்பதும் தெரியாது. 2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு 3 புரதமும் டிஎன்ஏவும் சேர்ந்திருக்கும் வடிவத்தையே வரைந்துகாட்டுகிறது. அது வரைந்துகாட்டுவதும் கணிப்புதான். ஜெல் ஓட்டாமல் அதை நம்பச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

*

இதெல்லாம் ராணிப்பேட்டைக்கு எதற்கு? சிப்காட் பக்கம் குடியிருக்கும் சித்தப்பா இதைத்தான் கேட்டார். "கம்ப்யூட்டர்ல எதுனா கண்டுபுடிச்சி அந்தக் குப்பைய எடுப்பியா?"

எடுக்க முடியாது, சித்தப்பா. ஆனால் ஒன்று செய்யலாம். சிஎச்ஆர்-பி புரதம் எந்த எழுத்துகளுக்கு முன் உட்காரும் என்று தெரிந்தால், அந்த இடத்தை அப்படியே வெட்டி, பம்ப் மரபணுவுக்குப் பதிலாகப் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை அதன் பின்னால் ஒட்டலாம். குரோமேட் வந்தால் சிஎச்ஆர்-பி எழுந்துகொள்ளும், பாக்டீரியா பச்சையாக மின்னும். போர்ச்சுகல்காரர்கள் 2013இல் இதைச் செய்தே காட்டினார்கள். கிணற்றுத் தண்ணீரில் குரோமியம்-6 இருக்கிறதா என்று ஒரு கிருமியே சொல்லும். டேனரிக் கழிவில் வாழப் பழகிய கிருமியின் சுவிட்ச், டேனரி ஊருக்கே மீட்டராகிவிடும். இதைச் சொன்னபோது சித்தப்பாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "எங்க கீதுன்னு தெரிஞ்சிக்கிறதுக்கு இன்னொரு மிஷினா? எங்க கீதுன்னு ஊருக்கே தெரியுமே."

அவர் சொல்வது சரி. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் இந்தக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் மாசு பரவுவதை ஆராய்ந்து 2011இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பும் பின்பும் அறிக்கைகள், குழுக்கள், மதிப்பீடுகள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது 1996இல், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த தோல் தொழிற்சாலை வழக்கில். அதாவது நாட்டுக்கே சட்டம் தந்தது எங்கள் வட்டாரத்துத் தண்ணீர். அதன்பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் குவியல் அங்கேயே கிடந்தது.

ஐடிஇஆர் விஷயத்தில் யாருக்கும் எல்லா இடங்களும் தெரியாது. 44 லட்சம் எழுத்துக்குள் தேட வேண்டியிருந்தது. கணித்தார்கள், பட்டியலிட்டார்கள், பிறகு யாரோ பைப்பெட்டை எடுத்துக்கொண்டு ஜெல் மேஜைக்குப் போனார்கள். அந்த நடைதான் மதிப்பெண்ணை அறிவாக்கியது. ராணிப்பேட்டையில் தேட வேண்டிய இடமே இல்லை. மதிப்பெண் போட்டாயிற்று, சாயமும் ஏற்றிப் பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது மண்வெட்டி எடுப்பது மட்டும்தான்.

எதையும் கணித்துவிடலாம் என்று நம்பும் தொழிலில் இருக்கிறேன். என் அலுவலக வேலையே, ஏதோ ஒரு பொருளை யார் அடுத்து வாங்குவார்கள் என்று மதிப்பெண் போடுவதுதான். அந்தக் கணிப்பு வந்த மறுநொடி அதன்மேல் வேலை நடக்கிறது, விளம்பரம் போகிறது, காசு வருகிறது. பாக்டீரியாவிலும் அப்படித்தான், குரோமேட் வந்தது தெரிந்த நிமிடமே சிஎச்ஆர்-பி எழுந்துகொள்கிறது. தெரிந்துகொள்வதும் எழுந்திருப்பதும் அதற்கு ஒரே காரியம்.

சித்தப்பா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஒரு சோதனைச்சாலையில் குரோமியம்-6க்குக் கொடுத்திருக்கிறோம். தெருவில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் பாட்டில்களையும் கொடுத்தனுப்பினார்கள். முடிவுகள் வந்ததும் தேதி போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைக்கப்போகிறேன். அடுக்குவது எனக்குத் தெரியும். மனு எழுதும் வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது தெரியும்.